நாத்தனார் வைத்த குட்டை வாசல்

எங்கள் வீட்டில் நான் துடைக்காமல் விட்டிருக்கும் அழுக்கு ஒன்றே ஒன்றுதான். அழுக்கு என்று சொன்னால் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். அது விபூதி. வீட்டின் மேற்குப் பக்கச் சந்தில், இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே, தேக்கில் ஒரு குறுக்குச் சட்டம் இருக்கிறது. அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக ஒரு தீற்றல். நான் எப்போதும் கையில் துணியோடு திரிகிறவள். ஃபேன் இறக்கை, ஜன்னல் கம்பி, கேஸ் அடுப்பின் பின்பக்கம் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. அந்தச் சட்டத்தையும் தினமும் துடைக்கிறேன். இடப்பக்கம் தொடங்கி, தீற்றலுக்கு ஒரு விரல் முன்னால் நிறுத்தி, அதைத் தாண்டிப்போய் வலப்பக்கம் முடிப்பேன். இப்போதெல்லாம் எங்கள் வீட்டைப் போட்டோ எடுக்க வருகிறவர்கள் உண்டு. அவர்களில் யாராவது படம் நன்றாக விழட்டும் என்று கைக்குட்டையை எடுத்தால் நான் குறுக்கே போய் நின்றுவிடுவேன்.

அந்தச் சட்டத்தை அங்கே வைத்தவள் என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. நாத்தனார் என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதுவேதான் கல்யாணமான புதிதில் எனக்கும் தோன்றியது. மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே மாமியாரின் வேலையையும் சேர்த்து இவள் பார்ப்பாள் என்று தயாராகவே வந்திருந்தேன். இவளோ நான் வைத்த முதல் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, “அண்ணி, உப்பு ஜாஸ்தி. ஆனா பாத்திரத்தை அழகா மூடி வெச்சிருக்கீங்க” என்றாள். அவளுக்குக் கண்தான் எல்லாம். நாக்கெல்லாம் அப்புறம். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. கட்டடக்கலை படித்தவள், படிப்பு முடிந்ததும் ஜப்பானுக்குப் போய், பழைய வீடுகளைப் பழுது பார்க்கும் ஓர் அலுவலகத்தில் சில காலம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

மாமனாருக்குக் கூடுவாஞ்சேரியில் நிலம் இருந்தது. அதை மனை போட்டு விற்றவர், மனை வாங்கியவர்களுக்கு வீடும் அவரே கட்டிக்கொடுத்தார். எல்லாம் ஒரே அச்சு. முன்னால் உருண்டையாக இரண்டு தூண், கார் நிறுத்த போர்டிகோ, ஹாலில் டிவிக்கு எதிரே கண்ணாடி ஷோகேஸ், கூரையில் பூப்போட்ட பிளாஸ்டர். “ஜனங்களுக்கு இன்னா வேணும்னு எனக்குத் தெரியும்” என்பார். தெரிந்துதான் இருந்தது, கட்டி முடிக்கும் முன்பே வீடுகள் விற்றன. ஆறடிக்கு மேல் உயரம், வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. தெருவில் அவர் நடந்துபோனால் ஆட்டோக்காரர்கள்கூட வண்டியைக் கொஞ்சம் ஒதுக்குவார்கள். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யாருக்கும் தலை குனிந்தும் பார்த்ததில்லை.

மகள் ஜப்பானிலிருந்து வந்ததும் தன் அலுவலகத்தில் அவளுக்கென்று ஒரு மேஜையும் சுழல் நாற்காலியும் வாங்கிப் போட்டார். அவள் தூண் வரைந்து தருவாள் என்று நினைத்தார். அவளும் கொஞ்ச நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது, அப்பாவுக்கும் மகளுக்கும் நடந்த பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. “அப்பா, இந்தத் தூண் எதையும் தாங்கல. அது எதுக்கு நிக்குது?” என்றாள். “பாக்கறதுக்கு நிக்குது” என்றார். “பாக்கறதுக்குன்னு மட்டும் ஒரு வீட்டுல எதுவும் நிக்கக் கூடாதுப்பா.” மாமனார் செய்தித்தாளை நான்காக மடித்து வைத்தார். “உன் கையால ஒரு வூடு நிக்கட்டும் பாப்பா. நாலு பேரு பாத்துட்டு நல்லா கீதுன்னு சொல்லட்டும். அப்புறம் உன் படத்த நான் பாக்கறேன். அதுவரைக்கும் வேலையப் பத்தி எங்கிட்ட பேசாத.” சொன்னவர் சொன்னபடியே இருந்தார். சாப்பிட்டியா, மழை வருது, ஸ்கூட்டரை உள்ளே விடு, இவ்வளவுதான் அதன் பிறகு அவர்களுக்குள் பேச்சு. மகளுக்கு அது எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும். ஊரே பாராட்டினாலும், வீடு கட்டுகிற அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லையென்றால் அவளுக்கு நிறையாது. ஜப்பான் அலுவலகத்தில் அவளுடைய இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

எங்கள் பங்குக்கு வந்த மனை ஸ்டேஷனுக்குக் கிழக்கே, சின்னதாக, காற்சட்டைப் பை மாதிரி நீளமாக இருந்தது. வீடு கட்டும் பேச்சு வந்ததும் நான் முந்திக்கொண்டு, “உங்க தங்கச்சியே கட்டட்டும்” என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவள்மேல் உள்ள பாசம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாசமும்தான். ஆனால் தினமும் காலையில் அந்த இரண்டு தூணுக்கு நடுவே நின்று கோலம் போடும் வாழ்க்கையிலிருந்து தப்பிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. வீட்டுக்காரர் அப்பாவையும் தங்கையையும் மாறி மாறிப் பார்க்கிற ஆள். நான் ஒற்றைக் காலில் நின்றதால் ஒத்துக்கொண்டார்.

ஒரு மாலை, காட்டாங்குளத்தூரில் கல்லூரி அலுவலக வேலையை முடித்துவிட்டு நான் வந்து சேர்ந்தபோது, அவள் சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து வரைந்துகொண்டிருந்தாள். மேற்குப் பக்கம் ஒரு சின்ன அறை, அதற்கு இடுப்பளவு உயரத்தில் ஒரு வாசல். இது என்ன, நாய்க்கா என்று கேட்டேன். சிரித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் வேலை செய்த இடத்தில் அதிகம் பழுது பார்த்தது டீ ரூம்களைத்தானாம். டீ குடிப்பதற்கென்று தனியாக ஓர் அறை. நான்கு பேர் தரையில் உட்காரலாம், அவ்வளவுதான் இடம். நாற்காலி இல்லை, மேஜை இல்லை. சுவரில் ஒரு மாடம், அதில் ஒரே ஒரு படம், ஒரே ஒரு பூ. மண் பூசிய சுவர், பாலிஷ் போடாத மரம், காகிதம் ஒட்டிய சன்னமான சட்டக் கதவு. அறைக்குப் போகும் பாதையில் வேண்டுமென்றே இடைவெளி விட்டுக் கல் பதித்திருப்பார்கள். பார்த்துப் பார்த்துக் கால் வைத்தால்தான் போக முடியும். போய்ச் சேர்வதற்குள் மனசிலிருக்கும் ஓட்டம் நின்றுவிடும். வாசலோ குனிந்தால்தான் நுழைய முடிகிற அளவு. பிரபுவாக இருந்தாலும் வாளை வெளியே வைத்துவிட்டுத் தலையைத் தாழ்த்தித்தான் உள்ளே வரவேண்டும். உள்ளே வந்துவிட்டால் பெரியவர் சின்னவர் கிடையாது. டீ போடுகிறவர் ஒருவர், குடிக்கிறவர்கள் மற்றவர்கள்.

“அங்க ஆரம்பிச்சதுதான் அண்ணி எல்லாம்” என்றாள். “அந்த சின்ன ரூம்ல பண்ணி பார்த்ததை அப்புறம் சாதாரண வீட்டுக்கெல்லாம் கொண்டுவந்தாங்க. அதைப் பார்த்துட்டு வெளிநாட்டு ஆர்க்கிடெக்ட்ஸ் எடுத்துக்கிட்டாங்க. நீங்க மேகஸின்ல பார்த்து சூப்பரா இருக்குன்னு சொல்வீங்களே, வெறும் சுவர், தரையை ஒட்டி ஒரு ஜன்னல், வடிகட்டின மாதிரி வெளிச்சம், அதெல்லாம் அந்த டீ ரூம்லேர்ந்து வந்ததுதான்.” எனக்கு ஃபால்ஸ் சீலிங் வேண்டும், ஓரத்தில் நீல விளக்கு எரிய வேண்டும் என்று அதுவரை நான் பிடித்த பிடிவாதம் அந்தச் செய்தித்தாளின் மேல் பரிதாபமாகக் கிடந்தது. சும்மா விட மனசில்லை. சமையலறையைப் பெரிதாகப் போட்டால் டீ ரூமுக்கு ஒத்துக்கொள்கிறேன் என்று பேரம் பேசினேன். இன்றைக்கும் அந்த வீதியில் என் சமையலறையைப்போல் ஒன்று இல்லை.

எங்கள் பக்கம் வீட்டுக்கு இருபுறமும் சட்டப்படி விடவேண்டிய சந்தில் மோட்டாரையும் பழைய பெயிண்ட் டப்பாவையும் போட்டு வைப்பது வழக்கம். அவள் மேற்குச் சந்தில் ஒன்றையும் வைக்கவிடாமல் கல் பதித்துப் பாதை போட்டாள். பக்கத்து காலி மனையில் ஒரு வேப்பமரம் நின்றது. அதன் கிளை சந்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. வெட்டிவிடலாம் என்றார் மேஸ்திரி. கை வைக்கக் கூடாது என்றுவிட்டாள். மேஸ்திரி மாமனாரிடம் காலங்காலமாக வேலை செய்கிறவர், இவளைக் குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவர். வேறு ஆளை எங்களுக்கும் தெரியாது. அவர்தான் இந்தக் கதையின் பெரிய தப்பைச் செய்தார், அதுவும் முழுக்க முழுக்க அன்பினால்.

நிலை வைக்கிற நாளில் நாத்தனாருக்குக் கடுமையான காய்ச்சல். நல்ல நேரம் தவறக் கூடாது என்பதால் நானும் வீட்டுக்காரரும் போனோம். தலைவாசலுக்கு ஒன்று, டீ ரூம் வாசலுக்கு ஒன்று, இரண்டு நிலைகளும் மஞ்சள் குங்குமத்தோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. சந்துப் பக்கம் திறக்கும் வாசலும் வாசல்தானே என்று அதற்கும் மேஸ்திரி தனியாக மாவிலை கட்டியிருந்தார். தேங்காய் உடைத்து, நவதானியம் போட்டு, இரண்டையும் நிறுத்திக் கற்பூரம் காட்டினோம். எனக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் பூஜையின்போது அபசகுனமாக எதற்குப் பேச வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். பிரசாதம் சாப்பிடும்போது மேஸ்திரியே சொன்னார். “பாப்பா அளவ தப்பா போட்டுட்டுக்கிதும்மா. ஆறரை அடி போட வேண்டிய எடத்துல மூணேகால்னு போட்டுக்கிது. வெளிநாட்டுல இருந்துட்டு வந்ததுல நம்மூரு அடிக்கணக்கு மறந்துடுச்சு போல. யாருக்கும் சொல்லாதீங்க, நானே பட்டறைல சொல்லி சரி பண்ணிட்டேன்.” முகமெல்லாம் பூரிப்பு. பெற்ற பெண்ணின் மானத்தைக் காப்பாற்றிய தகப்பன் மாதிரி நின்றார். எனக்கோ உள்ளுக்குள், அப்பாடா, இனி டீ குடிக்கக் குனிய வேண்டாம் என்ற ஒரு நிம்மதிகூட எட்டிப் பார்த்தது.

காய்ச்சல் விட்டதும் வந்து பார்த்தவள், சந்தில் ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். எதிரே அந்த உயரமான நிலை ஜம்மென்று நின்றது. பிடுங்கி எடுங்கள் என்றாள். யாரும் அசையவில்லை. பூஜை போட்ட நிலையைப் பிடுங்கினால் குடியிருப்பவர்களுக்கு ஆகாது என்று கொத்தனார், சித்தாள் வரைக்கும் சொன்னார்கள். மேஸ்திரி கண் கலங்கிவிட்டார். சாயங்காலத்துக்குள் சேதி மாமனாருக்குப் போய்விட்டது. “நிலையில கை வெச்சா நான் கிரகப்பிரவேசத்துக்கு வரமாட்டேன்னு சொல்லு” என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பினார். அவளிடம் நேரில் சொன்னால் வேலையைப் பற்றிப் பேசியதாகிவிடுமே. வாசலை முழு உயரத்துக்கு விட்டால் அந்த அறை சாதாரண ஸ்டோர் ரூம் ஆகிவிடும். பிடுங்கினால் அப்பா வரமாட்டார். அவர் வராத வீட்டை அவர் கண்ணில் எப்படி நிற்க வைப்பது? அவளுக்கு வேறு வீடே கிடைக்கவில்லை, இது ஒன்றுதான் இருந்தது. அன்று சாப்பிடக் கூப்பிட்டபோது, “எனக்கு வேணாம் அண்ணி” என்று எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் மாலையில் நான் டிபன் டப்பாவோடு போனபோது அவள் அந்த நிலைக்குள் நின்று, ஒரு வெள்ளை வேட்டியை மேலே பிடித்துக்கொண்டு, கீழே குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி ஒரு முனையைப் பிடித்திருந்தார், அது அவருடைய வேட்டிதான். வெயில் அந்தத் துணியில் பட்டு, வேப்பங்கிளையின் நிழல் அதன்மேல் ஆடியது. “அண்ணி, இதைப் பாருங்க” என்றாள். குரலில் பழைய தெம்பு வந்திருந்தது. நிலை அப்படியே நிற்கட்டும். அவள் கேட்ட உயரத்தில் குறுக்கே ஒரு சட்டம் போடுவது. சட்டத்துக்குக் கீழே நகரும் கதவு, அதுதான் வாசல். சட்டத்துக்கு மேலே, ஜப்பானில் காகிதம் ஒட்டுகிற மாதிரி சன்னமான மரக் கட்டம். நம் ஊர் மழைக்குக் காகிதம் ஒரு வாரம் தாங்காது என்பதால் பால் வெள்ளைக் கண்ணாடி. நிலையில் யாரும் கை வைக்கவில்லை. பூஜையும் வீண்போகவில்லை. குட்டை வாசலும் கிடைத்தது. அவள் படத்தில் இல்லாத ஒரு வெளிச்சமும் கூடவே வந்தது. ஒருத்தி ஜப்பானில் கற்றதும் மேஸ்திரி கூடுவாஞ்சேரியில் சொதப்பியதும் ஒரே நிலைக்குள் உட்கார்ந்துகொண்டதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேஸ்திரி இன்றைக்கு வரைக்கும் அது தன் யோசனை என்றுதான் ஊரெல்லாம் சொல்கிறார். பாதி உண்மை என்பதால் நாங்கள் மறுப்பதில்லை.

கண்ணாடி போட வந்தவர் கடைவீதியில் கண்ணாடிக்கடை வைத்திருக்கும் பாய். ஆளை அனுப்பாமல் அவரே வந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அளவெடுத்து வெட்டிப் பொருத்தினார். வேலை முடிகிற நேரம் தொழுகை நேரமாகிவிட்டது. இங்கேயே தொழுதுகொள்ளட்டுமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். கை கால் கழுவிக்கொண்டு, குனிந்து உள்ளே போனார். திரும்பி வந்தவர் கொஞ்ச நேரம் சந்திலேயே நின்றார். “ரோட்டு மேலயே கடைம்மா எனக்கு. பஸ்ஸும் லாரியும் காதுக்குள்ளயே ஓடிக்கினு இருக்கும், தூங்கறப்பகூட. உள்ள போனதும் நின்னுச்சு” என்றார்.

கிரகப்பிரவேசத்துக்கு மாமனார் வந்தார். வராமலிருந்தால் ஊர் பேசும். வந்தவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை வரவேற்றார். வீட்டுக்குள் ஹாலோடு சரி. உறவுக்காரர்கள் சந்துப் பக்கம் போய்க் குட்டை வாசலைப் பார்த்துவிட்டு, கோழிக் கூண்டா, கோயில் உண்டியலா என்று தமாஷ் செய்தார்கள். சிலர் உள்ளே போனார்கள். போனவர்கள் வெளியே வரும்போது சத்தம் குறைந்திருந்ததை நான் கவனித்தேன். ஆனால் மாமனார் எழுந்து அந்தப் பக்கம் ஓர் அடி வைக்கவில்லை. பாயசம் சாப்பிட்டார், மொய் எழுதினார், “வரேம்மா” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மகளிடம், வெயில்ல நிக்காத என்றார். வீடு நின்றுவிட்டது. பேச்சு வரவில்லை.

பிறகு சில மாதங்கள் ஓடின. இன்னொரு வீடு யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. பெற்ற அப்பாவே ஒன்றும் சொல்லாத கட்டடத்தை நம்பி ஊரில் யார் வருவார்கள்? அவள் தினமும் மாலை அந்த அறையில் உட்கார்ந்து, ஜப்பானிலிருந்து கொண்டுவந்திருந்த பச்சைத் தேயிலைப் பொடியை நுரைக்க அடித்து எங்களுக்குக் கொடுப்பாள். வேப்பிலையை அரைத்துக் குடிப்பதுபோல இருக்கும். நானும் வீட்டுக்காரரும் அவளுக்காக முகம் சுளிக்காமல் குடிப்போம். ஒரு நாள் அவள், “டிக்கெட் போட்டுட்டேன் அண்ணி” என்றாள். பாதி குடித்த கிண்ணத்தை நான் கீழே வைத்துவிட்டேன். போகாதே என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் எதற்காக இருக்கச் சொல்வது, தூண் வரையவா?

அந்த வாரத்தில்தான் மாமனார் ஏதோ ஒரு வீட்டுக்குக் கண்ணாடி வாங்கப் பாயின் கடைக்குப் போயிருக்கிறார். அங்கே நடந்ததைப் பாய்தான் பின்னால் எங்களுக்குச் சொன்னார். தன் வீட்டு மாடியில் அந்த மாதிரி ஓர் அறை வேண்டும் என்று பாய் அவரிடம் கேட்டாராம். “அந்த மரத்து நெழலு கண்ணாடில ஆடுதே, அது தானா அமைஞ்சதா, பாப்பா யோசிச்சு வெச்சதா? உங்களுக்குத் தெரியாம இருக்குமா, சொல்லுங்க” என்றாராம். ஊரில் இத்தனை வீடு கட்டியவர், தன் மகள் கட்டிய அறைக்குள் நிழல் ஆடுவதைக் கண்ணாடிக் கடைக்காரர் சொல்லித் தெரிந்துகொள்கிறார். “அது... யோசிச்சு வெச்சதுதான்” என்று சொல்லிவிட்டு, வாங்க வந்ததை வாங்காமலேயே கிளம்பிவிட்டாராம்.

நான் சமையலறையில் இருந்தேன். பேரம் பேசி வாங்கிய அந்தச் சமையலறையின் ஜன்னல் சந்தைப் பார்த்தபடி இருக்கும். முன்வாசல் பக்கம் வராமல் மாமனார் நேராகச் சந்துக்குள் வருவது தெரிந்தது. செருப்பை முதல் கல்லுக்கு முன்னாலேயே கழற்றினார். விறுவிறுவென்று நடந்தே பழகிய மனிதர். கற்கள் அவரை விடவில்லை. வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கீழே பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கால் வைத்து வந்தார். அவர் தரையைப் பார்த்து நடந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். குட்டைக் கதவுக்கு முன்னால் வந்து நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். நான் சட்டென்று ஜன்னலை விட்டு விலகிக்கொண்டேன். சில காரியங்களை மருமகள் பார்க்கக் கூடாது.

உள்ளே நாத்தனார் மாடத்திலிருந்த படத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள், ஊருக்குப் போக மூட்டை கட்டுகிற வேலை. வெள்ளைக் கண்ணாடியில் வேப்பமர நிழலோடு ஓர் ஆள் நிழலும் வந்து நின்றதாம். உயரத்தை வைத்தே தெரிந்துவிட்டது என்றாள். கதவு நகர்ந்தது. அவர் குனிந்தார். குனிந்தாரே தவிர முகத்தைத் தாழ்த்தவில்லை. எதிரே இருப்பவரைப் பார்த்துக்கொண்டேதான் அவருக்கு எங்கேயும் நுழைந்து பழக்கம். நிமிர்ந்த நெற்றி நேராகச் சட்டத்தில் மோதியது. அந்தச் சத்தம் சமையலறை வரைக்கும் எனக்குக் கேட்டது.

டீ ரூமுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு சின்னக் கதவு உண்டு, டீ போடுகிறவருக்கானது. அது திறந்து நாத்தனார் வந்தாள். கண் நிறைந்திருந்தது. பச்சைப் பொடி டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, சர்க்கரை இல்லாமல் நம் ஊர் டீ கொதிக்க வைத்தாள். அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. ஜப்பான் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. அவள் கை அவற்றைத் தாண்டிப் போய், பின்னால் இருந்த ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுத்தது. மாமனாரின் பெயர் வெட்டிய டம்ளர், மாமியார் காலத்துப் பாத்திரம். கதவு திறந்தே இருந்ததால் மற்றதை நான் பார்த்தேன். ஜப்பானில் கிண்ணத்துக்கு முகம் என்று ஒரு பக்கம் உண்டாம். கொடுக்கும்போது அந்த முகத்தை விருந்தாளியின் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தாள். அவள் அப்பாவின் முன் மண்டியிட்டு, டம்ளரைத் தரையில் வைத்து, மெல்லத் திருப்பினாள். வெட்டிய பெயர் அவரைப் பார்த்து நின்றது. மாமனார் தன் பெயரை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்துக் குடித்தார். வெளியே லாரி ஏதோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது, தூரத்தில் யார் வீட்டிலோ அடிப்பதுபோல இருந்தது.

“இந்தக் குறுக்குச் சட்டம் யாரு யோசன?” என்று கேட்டார். “என்னுதுதான்பா.” “மேஸ்திரி அவனுதுன்றானே.” “வேட்டி அவரோடது.” மாமனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். காலியான டம்ளரை அவள் செய்த மாதிரியே திருப்பி, பெயர் அவளைப் பார்க்கும்படி கீழே வைத்தார். “பாயி மாடில இந்த மாதிரி ஒண்ணு கேக்கறாரு. எனக்கு சொல்லத் தெரியல. நாளைக்கு என்கூட வா, நீ சொல்லு” என்றார். அவ்வளவுதான். அடுப்புப் பக்கம் திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். இவள் என் நாத்தனார் என்று அந்தத் தெருவே கேட்கும்படி சொல்ல வேண்டும்போல இருந்தது.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாள். பாய் வீட்டு மாடி அறைக்குப் பிறகு அவளுக்கு உட்கார நேரமில்லை. இப்போது தாம்பரத்தில் அவளுக்குச் சொந்தமாக அலுவலகம் இருக்கிறது. ஊரப்பாக்கத்திலிருந்து பெருங்களத்தூர் வரைக்கும், பொத்தேரியில் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கும் ஒரு மாடிக் கட்டடத்தில்கூட, அந்த வெள்ளைக் கட்டக் கண்ணாடியைப் பார்க்கலாம். பாதி இவள் செய்தது, பாதி இவளைப் பார்த்து மற்றவர்கள் செய்தது. காப்பி அடிக்கிறார்களே என்று எனக்குத்தான் வயிறு எரியும். அவள், அந்த டீ ரூமும் அப்படித்தானே அண்ணி ஊர் ஊராப் போச்சு என்பாள். மாமனார் புதிதாகக் கட்டும் வீடுகளில் தூண் இல்லை. யாராவது கேட்டு வாங்கினால், “எதையும் தாங்காத தூண் எதுக்கு சார்?” என்று அவரே வாடிக்கையாளருக்குப் பாடம் எடுக்கிறார். அந்த வாசகம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு நினைவில்லாததுபோல முகத்தை வைத்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்குப் போய்விட்டு நெற்றி நிறைய விபூதியோடு எங்கள் வீட்டுச் சந்துக்குள் நுழைகிறார். கல்மேல் பார்த்து நடக்கிறார், கதவை நகர்த்துகிறார், குனிகிறார். முக்கால்வாசி நாள் இடித்துக்கொள்கிறார். அந்த முதல் நாள், அவர் டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது, நெற்றி சிவந்திருந்ததைப் பார்த்து நாத்தனார், “ரெண்டு விரல் மேல தூக்கிப் போட்டுடட்டுமாப்பா?” என்று கேட்டாள். அவர் சட்டத்தைப் பார்த்தார். இத்தனை வருஷம் வீடு கட்டிய கண்ணால் மேலும் கீழும் அளந்து பார்த்தார். “வேணாம். அளவு சரியாத்தான் கீது. நான்தான் இன்னும் கொஞ்சம் குனியணும்” என்றார். அவர் போன பிறகு அவள் சமையலறைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணி, அளவு சரியா இருக்குன்னு சொன்னாரு” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னாள்.

இன்று சனிக்கிழமை. நேற்று வந்தவரின் தீற்றல் சட்டத்தில் புதிதாக, பளிச்சென்று இருக்கிறது. நான் துணியோடு போய், இடப்பக்கத்தைத் துடைத்துவிட்டு, அதைத் தாண்டி வலப்பக்கத்தைத் துடைத்தேன்.